வாசகர் கேள்வி பதில்: கொலை தொடங்குவதற்கு முன்னால்

டிசம்பர் 9ஆம் தேதியை, இனப்படுகொலைக்குப் பலியானவர்களை நினைவுகூரவும் அந்தக் குற்றத்தைத் தடுப்பது பற்றிப் பேசவும் உரிய நாளாக ஐ.நா. 2015இல் அறிவித்தது. 1948இல் அதே தேதியில்தான் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை நிறைவேறியது. அதையொட்டி இந்த முறை இந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தோம். கோபமாக வந்த கேள்விகளை அப்படியே போட்டிருக்கிறேன், நீளமானவற்றை மட்டும் கொஞ்சம் வெட்டியிருக்கிறேன்.

கேள்வி: விழிப்புணர்வு நாள், விழிப்புணர்வு வாரம் என்று வருடம் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. மெழுகுவத்தி ஏற்றினால் கொலைகாரன் கத்தியைக் கீழே போட்டுவிடுவானா? சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள்.

பதில்: போடமாட்டான். கத்தியை எடுத்துவிட்டவனைத் தடுப்பது ராணுவத்தின் வேலை, போலீஸின் வேலை, பெரிய நாடுகளின் வேலை. அவர்கள் அதைப் பெரும்பாலும் செய்வதில்லை, அது வேறு கதை. விழிப்புணர்வு அவனுக்காக இல்லை, அவனுடைய பக்கத்து வீட்டுக்காரருக்காக. ஏனென்றால் இனப்படுகொலையைத் திட்டமிட நாலைந்து பேர் போதும், நடத்துவதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும். பட்டியல் தயாரிக்க ஒருவர், வீட்டைக் காட்டிக்கொடுக்க ஒருவர், வண்டி ஓட்ட ஒருவர், காலியான வீட்டில் குடியேற ஒருவர், இதையெல்லாம் பார்த்தும் ஜன்னலைச் சாத்திக்கொள்ள மீதிப் பேர்.

1943இல் டென்மார்க் ஜெர்மனியின் பிடியில் இருந்தது. அங்கிருந்த யூதர்களைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்ற செய்தியை செப்டம்பர் கடைசியில் வெளியே சொன்னவரே ஒரு ஜெர்மன் தூதரக அதிகாரிதான், டுக்விட்ஸ் என்று பெயர். அப்புறம் நடந்ததை யாரும் மேலிருந்து உத்தரவு போட்டு நடத்தவில்லை. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொன்னார்கள், மருத்துவமனைகள் பொய்ப்பெயரில் நோயாளிகளாகச் சேர்த்துக்கொண்டன, மீன்பிடிப் படகுகளில் ஏற்றி ஸ்வீடனுக்கு அனுப்பினார்கள். சுமார் 7,200 யூதர்கள் தப்பினார்கள், பிடிபட்டவர்கள் 500க்கும் குறைவு. இதில் அதிர்ஷ்டமும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்: கடல் குறுகலாக இருந்தது, ஸ்வீடன் கதவைத் திறந்தது, சில படகுக்காரர்கள் நல்ல காசும் பார்த்தார்கள். ஆனாலும் ‘இவர்கள் நம்மவர்கள் இல்லை’ என்ற பேச்சு அந்த ஊரில் அதுவரை எடுபட்டிருக்கவில்லை, அதுதான் அடிப்படை. அப்படி ஒரு மனநிலையை ஒரே ராத்திரியில் உண்டாக்க முடியாது, முன்னாடியே இருந்திருக்க வேண்டும். விழிப்புணர்வு என்று நான் சொல்வது அதைத்தான், மெழுகுவத்தியை அல்ல.

கேள்வி: எத்தனை பேர் செத்தால் அது இனப்படுகொலை?

பதில்: எண்ணிக்கை கணக்கில்லை. ஒரு தேசிய, இன, நிற அல்லது மதக் குழுவை, அந்தக் குழு என்பதற்காகவே, முழுவதுமாகவோ ஒரு பகுதியையோ அழிக்கும் நோக்கம் இருந்ததா என்பதுதான் சட்டம் கேட்கும் கேள்வி. கொல்வது மட்டும்தான் என்றும் இல்லை. உடலுக்கோ மனதுக்கோ கடுமையான தீங்கு செய்வது, பிழைக்கவே முடியாத வாழ்க்கை நிலைமையைத் திட்டமிட்டுத் திணிப்பது, குழந்தை பிறக்கவிடாமல் தடுப்பது, குழந்தைகளைப் பிடுங்கி வேறு குழுவிடம் கொடுப்பது, இவையும் உடன்படிக்கையில் இருக்கின்றன. பகிரங்கமாகத் தூண்டிவிடுவதும் தனிக் குற்றம்.

இந்த வரையறையில் ஓட்டையும் உண்டு. அரசியல் காரணத்துக்காகக் கொல்லப்படுகிறவர்கள் இதற்குள் வரமாட்டார்கள். கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஆனால் 2018இல், அப்போது அங்கே ஆட்சி நடத்திய கெமர் ரூஜ் இயக்கத்தின் தலைவர்கள் மீது இனப்படுகொலை என்று தீர்ப்பானது வியட்நாமியர்களுக்கும் சாம் முஸ்லிம்களுக்கும் செய்த கொடுமைக்காகத்தான். மற்றவை மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் என்ற தலைப்பில் போயின. செத்தவர்களுக்கு எந்தத் தலைப்பாக இருந்தால் என்ன என்று நீங்கள் கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: ருவாண்டாவில் நேற்றுவரை ஒன்றாக வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் வெட்டிக்கொண்டார்கள் என்று படித்தேன். ஒரே நாளில் வெடிப்பதை யார் தடுக்க முடியும்?

பதில்: அந்த ‘ஒரே நாளில்’ என்பதை விட்டுவிடுங்கள். தடுக்கத் தவறியவர்களுக்குத்தான் அது வசதியான கதை. 1930களில் பெல்ஜிய ஆட்சி ஒவ்வொருவரின் அடையாள அட்டையிலும் ஹுட்டு, டுட்ஸி என்று இனத்தை எழுதி வைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் யாரும் அதை எடுக்கவில்லை. 1994இல் சாலைத் தடுப்பில் நின்றவர்கள் அந்த அட்டையை வாங்கிப் பார்த்துத்தான் யாரைக் கொல்வது என்று முடிவு செய்தார்கள். அறுபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு அதிகாரி போட்ட கட்டம் அது.

1990இலிருந்து உள்நாட்டுப் போர். 1993 ஜூலையில் ஆர்டிஎல்எம் என்ற வானொலி தொடங்கியது. நல்ல பாட்டு போடுவார்கள், ஜோக் சொல்வார்கள், இளைஞர்கள் விரும்பிக் கேட்டார்கள். நடுநடுவே டுட்ஸிகளைக் கரப்பான்பூச்சி என்பார்கள். கொலை தொடங்கிய பிறகு ஆட்களின் பெயர், ஒளிந்திருக்கும் இடம் எல்லாவற்றையும் சொன்னது அதே வானொலி. 1994 ஜனவரி 11ஆம் தேதி ஐ.நா. அமைதிப்படைத் தளபதி ரோமியோ டலேர் நியூயார்க்குக்கு ஒரு தந்தி அனுப்பினார்: ஆயுதங்களைப் பதுக்கியிருக்கிறார்கள், தலைநகரில் டுட்ஸிகளைப் பதிவு செய்கிறார்கள், கொல்வதற்காக இருக்கலாம் என்று உள்ளிருந்தே ஒருவர் சொல்கிறார், ஆயுதங்களைப் பறிமுதல் செய்யப் போகிறேன். வேண்டாம் என்று பதில் வந்தது. ஏப்ரல் 7ஆம் தேதி கொலை தொடங்கியது. இரண்டு வாரம் கழித்து, பிணங்கள் சாலையில் கிடக்கும்போது, பாதுகாப்பு கவுன்சில் சுமார் 2,500 பேர் இருந்த படையை 270ஆகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. சுமார் 100 நாளில் 8 லட்சம் பேர், பத்து லட்சம் என்றும் கணக்கு உண்டு.

அட்டைக்கும் முதல் வெட்டுக்கும் நடுவே அறுபது வருஷம். தந்திக்கும் முதல் வெட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட மூன்று மாதம். நேரம் இல்லாமல் போகவில்லை.

கேள்வி: சாதாரண ஆளுக்கு இதன் அறிகுறி எப்படித் தெரியும்? நாங்கள் என்ன உளவுத்துறையா?

பதில்: இப்படிப்பட்ட குற்றங்களின் ஆபத்தை முன்கூட்டியே கணிக்க ஐ.நா. 2014இல் வெளியிட்ட ஆய்வுச் சட்டகத்தில் 14 ஆபத்துக் காரணிகள் இருக்கின்றன. அதிகாரிகளுக்கான ஆவணம், ஆனால் யாரும் வாசிக்கலாம். நமக்கு அதைவிட முன்னாடியே தெரியக்கூடியவை சில உண்டு. ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் சமூகம் முழுவதும் பதில் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் இயல்பாகப் பேசத் தொடங்குவது. அவர்கள் எத்தனை பேர், எத்தனை பிள்ளை பெறுகிறார்கள் என்பது டீக்கடைப் பேச்சாவது. அவர்களை அடித்தவன் மேல் வழக்கே வராமல் போவது. வந்தாலும் அவன் மாலையோடு வெளியே வருவது. தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் திடீரென்று காகிதம் கேட்பது. மியான்மரில் 1982 குடியுரிமைச் சட்டம் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியா மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 2017இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வங்கதேசத்துக்கு ஓடியபோது உலகம் திடுக்கிட்டது. 35 வருஷம் லேட்.

இவற்றில் நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. ‘அவர்கள் நம்மை அழிக்கத் திட்டம் போடுகிறார்கள், நாம் முந்திக்கொள்ள வேண்டும்’ என்ற பேச்சு. தான் செய்யப்போவதையே எதிராளி செய்யப்போவதாகச் சொல்வது பழைய உத்தி. ருவாண்டாவில் அப்படித்தான் செய்தார்கள், பொஸ்னியாவிலும் அப்படித்தான். அது ஏன் ஆபத்து என்றால், கேட்கிறவனுக்குத் தான் கொலை செய்யப் போகிறோம் என்றே தோன்றாது. தற்காப்பு என்று தோன்றும்.

பொஸ்னியாவின் பிரியெடோரில் முதலில் செர்பியர் அல்லாதவர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். 1992 மே 31ஆம் தேதி வெளியே வந்தால் கையில் வெள்ளைத் துணி கட்டிக்கொள், வீட்டு ஜன்னலில் வெள்ளைத் துணி தொங்கவிடு என்று உத்தரவு வந்தது. முகாம்களும் கொலைகளும் அதைத் தொட்டே வந்தன. வேலை போன அன்றைக்கே யாராவது சக ஊழியர் ‘அவர் ஏன் வரவில்லை?’ என்று சத்தமாகக் கேட்டிருந்தால் போர் நின்றிருக்காது, தெரியும். ஆனால் யாருமே கேட்காத ஊரில் அடுத்த உத்தரவு போடுவது சுலபம்.

கேள்வி: படிப்பறிவில்லாத சமூகங்களில்தானே இதெல்லாம் நடக்கிறது?

பதில்: 1942 ஜனவரி 20ஆம் தேதி பெர்லின் அருகே வான்ஸேயில் ஒரு மாளிகையில் 15 பேர் உட்கார்ந்து ஐரோப்பிய யூதர்களை அழிக்கும் வேலையை எந்தத் துறை எப்படிச் செய்வது என்று பேசினார்கள். அவர்களில் எட்டுப் பேர் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்.

கேள்வி: இப்படிக் குழந்தைகளைக்கூடக் கொல்கிறவர்கள் மனிதர்களே இல்லை, மிருகங்கள். இந்த மிருகங்களுக்கு என்ன விழிப்புணர்வு வேண்டிக்கிடக்கிறது?

பதில்: மிருகம் என்று சொல்லிவிட்டால் நாம் அந்த வகை இல்லை என்று நிம்மதியாகத் தூங்கலாம். 1942 ஜூலையில் போலந்தின் யூசெஃபூவ் கிராமத்துக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு ரிசர்வ் போலீஸ் படை போனது, 101ஆம் எண் பட்டாலியன். சுமார் 500 பேர், ஹாம்பர்க் பக்கத்து நடுத்தர வயதுக்காரர்கள். துறைமுகத் தொழிலாளி, லாரி ஓட்டுநர், குமாஸ்தா என்று சாதாரண குடும்பஸ்தர்கள், பெரும்பாலோர் வெறிபிடித்த நாஜிகள் இல்லை. தளபதி காலையில் விஷயத்தைச் சொன்னார். அன்று சுட வேண்டியது அந்த ஊர் யூதப் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும். முடியாது என்கிற மூத்த காவலர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். முன்னால் வந்தவர்கள் சுமார் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. மற்றவர்களில் சிலர் பாதியில் நழுவினார்கள், பெரும்பாலோர் சாயங்காலம்வரை சுட்டார்கள். சுமார் 1,500 பேர் செத்தார்கள்.

ஏன் விலகவில்லை? கூட இருப்பவர்கள் கோழை என்பார்கள் என்ற பயம். ருவாண்டாவில் தண்டனை பெற்ற 200க்கும் மேற்பட்டவர்களைச் சிறையில் சந்தித்துப் பேசிய ஆய்வாளர் ஸ்காட் ஸ்ட்ராஸும் ஏறக்குறைய இதைத்தான் கண்டார். பலருக்கு டுட்ஸி அண்டைவீட்டார் இருந்தார்கள், அதற்கு முன் பெரிய பகையும் இல்லை. போர் பயம், அப்புறம் ஊர் ஆண்கள் வந்து கதவைத் தட்டி ‘நீயும் வா’ என்றது. வெறுப்பை ஒழிக்க வேண்டும் என்று நாம் நிறையப் பேசுகிறோம், சரி. கூட்டத்தில் ஒருவன் ‘நான் வரவில்லை’ என்று சொல்லப் பழகுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய பாடமாகத் தோன்றுகிறது.

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒருவர் தினமும் ஒரு சமூகத்தைப் புழு, பூச்சி என்று திட்டும் ஃபார்வேர்டுகளைப் போடுகிறார். எதிர்த்துப் பேசினால் பெரியவரை மதிக்கவில்லை என்கிறார்கள். பேசாமல் இருந்தால் மனசு உறுத்துகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் தனியாகப் பேசுங்கள். குழுவில் எல்லோர் முன்னாலும் மடக்கினால் அவர் கருத்தை விட்டுவிட்டுக் கௌரவத்தைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவார். போனில் கூப்பிட்டு, ‘மாமா, இது யார் அனுப்பினது, அவருக்கு எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள். அந்தச் சமூகம் எவ்வளவு நல்லது என்று வாதாடப் போகாதீர்கள். அது அவர் இழுக்கும் களம், ஒரு கெட்டவனை உதாரணம் காட்டி ஜெயித்துவிடுவார். ‘ஒருவன் செய்ததற்கு எல்லோரையுமா?’ என்ற ஒரே இடத்தில் நில்லுங்கள்.

குழுவிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள், மரியாதையாக: ‘மாமா, மனுஷங்களைப் பூச்சின்னு சொல்றது எனக்குச் சரியாப் படல.’ அவ்வளவு போதும். அது அவருக்காக இல்லை. பதில் போடாமல் படிக்கிற மற்றவர்களுக்கு, குறிப்பாகச் சின்னப் பிள்ளைகளுக்கு, குடும்பம் மொத்தமும் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிய வேண்டும். கிண்டல் செய்வதற்காக அந்த ஃபார்வேர்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு இடத்தில் போடாதீர்கள், அதற்கு நீங்களே கால் முளைக்கவைத்த மாதிரி ஆகிவிடும்.

மாமா கொலை செய்யப் போகிறார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இந்தப் பேச்சு மலிந்த இடத்தில் வேறு யாரோ கொலை செய்யும்போது மாமாவுக்கு அது பெரிதாகத் தெரியாது. மியான்மரில் தன்னுடைய தளம் வன்முறையைத் தூண்டப் பயன்பட்டதைத் தடுக்கத் தாங்கள் போதுமானதைச் செய்யவில்லை என்று ஃபேஸ்புக் நிறுவனமே 2018இல் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டபோது கிராமங்கள் எரிந்து முடிந்திருந்தன.

கேள்வி: டென்மார்க், ருவாண்டா எல்லாம் சரி. 2009இல் முள்ளிவாய்க்காலில் எங்கள் மக்கள் செத்தபோது இந்த உலகமும் உங்கள் ஐ.நா.வும் எங்கே போயின? தமிழனுக்கு மட்டும் தடுப்பு கிடையாதா?

பதில்: கோபப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஐ.நா.வும் வேறு மாதிரிச் சொல்லவில்லை. 2008 செப்டம்பரில் வன்னியிலிருந்து தன் சர்வதேச ஊழியர்களை வெளியே எடுத்தது, உள்ளே சாவு எண்ணிக்கை பற்றித் தன்னிடம் சேர்ந்த தகவலை வெளியே சொல்லத் தயங்கியது. சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான உள் ஆய்வுக் குழு 2012 நவம்பரில் இதை அமைப்பு முழுவதன் தோல்வி என்றே எழுதியது. பொதுமக்களில் 40,000 பேர்வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று அதற்கு முந்தைய வருடமே ஐ.நா. நிபுணர் குழு சொல்லியிருந்தது. முன்னெச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடின. பட்டியல், மறுபடியும் பட்டியல்.

சட்டப்படி எந்த சர்வதேச நீதிமன்றமும் இதை இனப்படுகொலை என்று இதுவரை தீர்ப்பு சொல்லவில்லை. இலங்கை அரசு மறுக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2021இல் தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரத்துக்குச் சட்டம் போட்டது, 2022இல் கனடிய நாடாளுமன்றம் மே 18ஐ நினைவு நாளாக ஏற்றது. மக்கள் விடாமல் கேட்டதால் வந்தவை அவை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், திட்டிக் கடிதம் வரும் என்று தெரிந்தே. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். தமிழ் பேசும் மக்கள், தமிழ் பேசும் அண்டைவீட்டார். அவர்கள் மூட்டையோடு போனபோது எத்தனை பேர் சத்தமாக ஏன் என்று கேட்டோம்? இரண்டும் ஒன்று என்று நான் தராசில் வைக்கவில்லை. நமக்கு நடந்ததை மட்டும் அடையாளம் காணத் தெரிந்தால் அது துக்கம். நம் பக்கத்திலிருந்து தொடங்குவதையும் அடையாளம் காணத் தெரிந்தால்தான் அதற்குத் தடுப்பு என்று பெயர்.

கேள்வி: ஐ.நா.வைக் கலைத்துவிடலாமா?

பதில்: கலைத்துவிட்டு? வீட்டோ வைத்திருப்பவர்கள் அப்போதும் இருப்பார்கள், ஆயுதம் விற்பவர்களும் இருப்பார்கள். அமெரிக்கா இந்த உடன்படிக்கையை முழுமையாக ஏற்கவே 1988வரை, 40 வருஷம் எடுத்துக்கொண்டது. ருவாண்டா நேரத்தில் இனப்படுகொலை என்று சொல்லிவிட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்று அந்த அரசின் பேச்சாளர்கள் வார்த்தையைச் சுற்றிச்சுற்றி வந்தார்கள்.

ஆனாலும் மெதுவாகச் சில விஷயங்கள் நகர்ந்திருக்கின்றன. 2007இல் சர்வதேச நீதிமன்றம், 1995 ஜூலையில் சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்ட பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையைத் தடுக்கும் கடமையில் செர்பியா தவறியது என்று சொன்னது. கடுமையான ஆபத்து இருப்பது தெரிந்த கணமே, தெரிந்திருக்க வேண்டிய கணமே, அந்தக் கடமை தொடங்கிவிடுகிறது என்றும் சொன்னது. கொலை நிரூபணமாகும்வரை காத்திருக்கிறோம் என்று எந்த அரசும் சட்டப்படி தப்பிக்க முடியாது. 2019 நவம்பரில் ரோஹிங்கியாக்களுக்காக மியான்மர் மீது வழக்குப் போட்டது பெரிய நாடு எதுவும் இல்லை, ஆப்பிரிக்காவின் குட்டி நாடு காம்பியா. இரண்டு மாதத்தில் இடைக்கால உத்தரவும் வாங்கியது.

அப்புறம் அந்த 1994 ஐ.நா. படையிலேயே ம்பாயே டியான் என்று செனகல் நாட்டு கேப்டன் ஒருவர் இருந்தார். ஆயுதமில்லாத பார்வையாளர். சாலைத் தடுப்புகளில் சிரித்துப் பேசி, சிகரெட் கொடுத்து, காரில் சிலர் சிலராக ஏற்றிக் கடத்திக் காப்பாற்றிக்கொண்டே இருந்தார், மே 31ஆம் தேதி குண்டு விழுந்து சாகும்வரை. அவர் பெயரில் ஐ.நா. ஒரு பதக்கம் வைக்க 20 வருஷம் ஆனது.

கேள்வி: இன்றைக்கு எதைப் பார்த்தாலும் இனப்படுகொலை என்கிறார்கள். பிடிக்காத பாடத்திட்டம்கூட இனப்படுகொலையாம். எரிச்சலாக இல்லையா?

பதில்: இருக்கிறது. ஆனால் ‘கண்டதற்கெல்லாம் சொல்கிறார்கள்’ என்ற எரிச்சலையே சாக்காக வைத்து உண்மையானதைக் கடந்துபோகிறவர்கள் மேல் எனக்கு எரிச்சல் இன்னும் அதிகம்.

கேள்வி: எங்காவது ஒரு தடவையாவது தடுத்திருக்கிறார்களா? ஒரே ஒரு உதாரணம் போதும்.

பதில்: தடுக்கப்பட்டதை நிரூபிக்க முடியாது, அதுதான் இந்த வேலையின் சாபம். நடக்காததற்கு யார் மாலை போடுவார்கள்? இருந்தாலும் கென்யாவைச் சொல்வேன். 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு இனவாரியாக வெட்டு, தீவைப்பு. 1,100க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் வீடு இழந்தார்கள். அது அதற்குமேல் எங்கேயும் போயிருக்கலாம். ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் போய் உட்கார்ந்து இரண்டு தரப்பையும் விடாமல் பேசவைத்து, 2008 பிப்ரவரி 28இல் கையெழுத்து வாங்கினார். 2013 தேர்தலுக்கு முன்னால் மொத்தமாக அனுப்பும் எஸ்எம்எஸ்களுக்குக் கட்டுப்பாடு, வெறுப்புப் பேச்சைக் கண்காணிக்கக் குழுக்கள், ஊர்ப் பெரியவர்களின் அமைதிக் கூட்டங்கள் என்று நிறைய நடந்தன, அந்தத் தேர்தல் பெரும்பாலும் அமைதியாகவே முடிந்தது. எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

பல்கேரியாவையும் பாருங்கள். 1943 மார்ச்சில் யூதர்களை ரயிலேற்றப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நாடாளுமன்றத் துணைத்தலைவர் டிமிதர் பெஷெவ், ஆளும் பக்கத்து உறுப்பினர்களிடமே கையெழுத்து வாங்கி எதிர்ப்புக் கடிதம் கொடுத்தார். தேவாலயத் தலைவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சுமார் 48,000 பேர் பிழைத்தார்கள். ஆனால் பல்கேரியா ஆக்கிரமித்திருந்த பகுதிகளிலிருந்து 11,000க்கும் மேற்பட்ட யூதர்கள் சாவு முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். தன் நாட்டுக்காரர்களுக்காக எழுந்த குரல் அடுத்தவர்களுக்கு எழவில்லை, அல்லது எழுந்தபோது நேரம் கடந்துவிட்டது.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. இதை வகுப்பில் எடுக்க ஆசை. மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு நாள் முழுக்க ஒரு குழுவை ஒதுக்கிவைத்து அனுபவிக்கச் செய்யலாமா? படங்கள் காட்டலாமா?

பதில்: பிரிக்க வேண்டாம் டீச்சர். படுகொலை வரலாற்றைச் சொல்லிக்கொடுக்கும் நிறுவனங்கள் இந்த மாதிரி நடிப்புப் பயிற்சி கூடாது என்றே சொல்கின்றன. ஒதுக்கப்பட்ட பிள்ளை நிஜமாகவே அழும், ஒதுக்கிய பிள்ளைக்கு அது பிடித்துப்போகலாம், இரண்டு பேருக்குமே உண்மை புரிந்திருக்காது. பிணக்குவியல் படங்களும் வேண்டாம். நாஜிக் காலப் படங்களில் நிறையவற்றைக் கொலைகாரர்களே எடுத்தார்கள், அவர்கள் கண்ணால்தான் பலியானவர்களைப் பார்க்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள். முதல் வகுப்பிலேயே அதிர்ச்சி கொடுத்தால் பிள்ளைகள் மூடிக்கொள்வார்கள், அல்லது சிரிப்பார்கள்.

செத்த விதத்தைவிட வாழ்ந்த விதத்திலிருந்து தொடங்குங்கள். ஐரோப்பாவில் பலியானவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலில் சிறிய பித்தளைக் கற்கள் பதித்திருக்கிறார்கள், 1,00,000க்கும் மேல் ஆகிவிட்டது. ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கி ஒரு பெயர், பிறந்த வருடம், என்ன ஆனார் என்று இருக்கும். ஒரு கல், ஒரு ஆள். அப்புறம் சின்ன முடிவுகளைப் பற்றிப் பேசவையுங்கள்: பள்ளியிலிருந்து ஒரு மாணவனை நீக்கச் சொல்லிக் காகிதம் வந்தபோது தலைமையாசிரியர் என்ன செய்திருக்கலாம், பக்கத்து இருக்கை காலியானபோது நண்பன் என்ன செய்திருக்கலாம். காப்பாற்றியவர்களின் கதையைச் சொல்லுங்கள், ஆனால் அவர்கள் மிகக் கொஞ்சம் பேர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் தாங்கள் காப்பாற்றியிருப்போம் என்று நினைத்துக்கொண்டு வெளியே போவார்கள்.

கேள்வி: போர் நடக்கும் இடங்களிலிருந்து கொடூரமான வீடியோக்கள் வருகின்றன. பகிர்ந்தால்தானே உலகத்துக்குத் தெரியும்? பகிர்ந்தால் தவறு என்கிறாள் என் மகள்.

பதில்: பாதி மகள் பக்கம், பாதி உங்கள் பக்கம். சாகிறவரின் முகத்தை அவர் குடும்பத்துக்கு முன்னால் உங்கள் நண்பர்கள் பார்க்க வேண்டியதில்லை. பழைய வீடியோவை வேறு நாட்டுச் சம்பவம் என்று போடுவதும் சர்வசாதாரணம். அது ஒன்று அம்பலமானால், மறுக்கிறவர்கள் உண்மையான நூறையும் பொய் என்பார்கள். எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று தெரியாததைப் பகிராதீர்கள்.

ஆனால் அழித்துவிடவும் வேண்டாம். நேரடியாக எடுத்தவரிடமிருந்து வந்திருந்தால் அது சாட்சியம். 2017இல் யூடியூபின் தானியங்கி முறை சிரியாப் போரின் ஆயிரக்கணக்கான வீடியோக்களைத் தூக்கிவிட்டது, ஆவணக் குழுக்கள் திரும்ப வாங்கப் பட்ட பாடு பெரிது. அதனால் சமூக வலைதளம் பத்திரமான பெட்டகம் இல்லை. வெட்டாமல், பாட்டு சேர்க்காமல், எழுத்து ஒட்டாமல் மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கி விவரங்கள் போய்விடும். டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். யார் அனுப்பினார், எந்தத் தேதி, எந்த இடம் என்று தனியாக எழுதி வையுங்கள், இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். எடுத்தவர் இன்னும் அங்கேயே இருக்கிறார் என்றால் அவர் பெயர் எங்கேயும் வரக் கூடாது. இந்த மாதிரி டிஜிட்டல் சாட்சியத்தை எப்படிக் கையாள்வது என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020இல் ஒரு வழிகாட்டி கொண்டுவந்தன, பெர்க்லி நெறிமுறை என்று பெயர், மகளைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள்.